முக அக்குபங்சர்: ‘இயற்கை’ என்ற சொல் ஊசியைச் சுத்தமாக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னர் தங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில், முகத்தில் அக்குபங்சர் ஊசிகளை ஏற்றிச் சுருக்கங்களைப் போக்கும் சிகிச்சை பற்றி அரைப்பக்கக் கட்டுரையொன்று வெளிவந்திருந்தது. ‘இரசாயனம் இல்லை, கத்தி இல்லை, பக்கவிளைவு இல்லை, முற்றிலும் இயற்கை’ என்று தொடங்கிய அக்கட்டுரையின் அடியில், மலையக நகரொன்றில் இயங்கும் அழகு நிலையம் ஒன்றின் கைத்தொலைபேசி இலக்கம் அச்சாகியிருந்தது, எழுதியவரின் பெயர் அச்சாகவில்லை. நான் முப்பத்தொரு ஆண்டுகள் அரசாங்க வைத்தியசாலைகளில், அதிலும் பெரும்பகுதி நுவரெலியா மாவட்டத்தில், தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். அதே சிகிச்சைக்கு என் தங்கையின் மகளுடன் துணையாகப் போய், கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்த நிலையில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தவளும் நானே. ஆகையால் அக்கட்டுரை சொல்லாமல் விட்டவற்றைத் தங்கள் வாசகர்களுக்கு எழுத வேண்டியது என் கடமை என்று எண்ணுகிறேன்.

அக்குபங்சர் மீது எனக்கு வெறுப்பு ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவையின் கடைசி ஆண்டுகளில், கழுத்திலிருந்து வலது தோள்மூட்டுவரை இறங்கிய வலிக்கு விழுங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிய பிறகு, ஆங்கில வைத்தியத்தில் பட்டம் பெற்று அக்குபங்சரும் கற்ற ஒரு வைத்தியரிடம் எட்டுத் தடவை ஊசி ஏற்றிக்கொண்டேன். ஒன்பதாவது வாரத்தில் கையைத் தூக்கி நானே கொண்டை போட்டுக்கொண்டேன். இந்த வைத்தியம் நம் நாட்டுக்குப் புதியதுமல்ல. களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் பேராசிரியர் அன்ரன் ஜயசூரிய பல ஆண்டுகளாக அதை நடத்தியதையும், வெளிநாட்டவர்கள்கூட அங்கு வந்து கற்றுச் சென்றதையும் என் தலைமுறைத் தாதியர் அறிவார்கள். உலக சுகாதார நிறுவனம் 361 அக்குபங்சர் புள்ளிகளின் இருப்பிடங்களை வரையறுத்து 2008இல் வெளியிட்டது. 2010இல் யுனெஸ்கோ இந்தச் சீன வைத்திய முறையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் இந்தப் பெருமைகளையெல்லாம் அக்கட்டுரை எடுத்துக்கொண்டுபோய்ச் சுருக்கத்தின் தலையில் சூட்டிவிட்டது. வாயோரத்தில் உள்ள புள்ளியிலும், தாடையை இறுகக் கடிக்கும்போது புடைக்கும் தசையிலும் ஊசி ஏற்றுவது பழைய முறையே. அது முகவாதத்தால் வாய் ஒருபுறம் கோணியவர்களுக்கும், பல்வலிக்காரர்களுக்கும், தாடை இறுகியவர்களுக்கும் செய்யப்பட்டுவந்தது. மூக்கின் இரு பக்கங்களிலும் உள்ள புள்ளி மூக்கடைப்புக்கானது. அதே புள்ளிகளில் அதே ஊசியை ஏற்றி, ‘பத்துத் தடவையில் பத்து வயது குறையும்’ என்று விலை பேசுவது அண்மைக்கால வியாபாரம். ஈராயிரம் ஆண்டுப் பழைமை என்று அட்டை ஒட்டி விற்பதால் அதற்கு அந்த வயது வந்துவிடாது.

இந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துக்குப் பயன்படுத்தும் ஊசி துருப்பிடிக்காத உருக்கினாலானது. நடுவே துளை இல்லாதது. மருந்து எதையும் உள்ளே செலுத்தாதது. அதன் விட்டம் ஏறத்தாழ 0.16 முதல் 0.20 மில்லிமீற்றர். கட்டுரையில் எழுதியதுபோல ‘மயிரிழையளவு’ அன்று, தலைமயிரைவிடத் தடித்ததுதான். ஆயினும் நீரிழிவுக்காரர்கள் தினமும் குத்திக்கொள்ளும் இன்சுலின் ஊசியே 0.25 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால், வலியைப் பற்றிப் பயப்பட அதிகமில்லை. நெற்றி, புருவமத்தி, கண்ணோரம், கன்னம், வாயோரம், தாடை என்று இருபது முதல் நாற்பது ஊசிகள் வரையும், கையிலும் காலிலும் சிலவும் ஏற்றி, இருபது முப்பது நிமிடம் படுக்கவைத்துப் பின் உருவிவிடுவார்கள். குத்திய இடத்தில் தோல் சிவக்கும். இரத்த ஓட்டம் கூடும். முகம் சற்று உப்பிப் பளபளக்கும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு அன்று மாலை மகிழ்ச்சியாகவே இருக்கும். பகலில் அரைமணி நேரம்கூடக் காலை நீட்டிப் படுத்தறியாத எங்கள் பெண்களுக்கு, அந்தப் படுக்கையே பாதி வைத்தியம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு அப்பால் சொல்லப்படுவது கொலாஜன் பற்றியது. தோலுக்கு உறுதி தரும் அந்தப் புரதம் இளமை கடந்தபின் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்களின் தோல் அதில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழக்கிறது. ஊசி குத்தும் நுண்காயத்தை ஆற்றும்போது உடல் புதிய கொலாஜனை உண்டாக்கும் என்பதும் மெய்யே. தோல் வைத்தியர்கள் நூற்றுக்கணக்கான நுண்முனைகள் பொருந்திய கருவியை முகம் முழுவதும் நெருக்கமாக ஓட்டிச் செய்யும் சிகிச்சை இந்த அடிப்படையிலேயே நடக்கிறது. ஒரு முகத்தில் முப்பது இடத்தில் குத்திவிட்டு, அந்தச் சிகிச்சையின் பலனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் பொருந்தவில்லை. நாலு மூலையில் நாலு பிடி எருவைப் போட்டுவிட்டுத் தோட்டம் முழுவதும் துளிர்க்கும் என்று சொன்னால், எங்கள் கங்காணிமார் சிரிப்பார்கள்.

‘ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்டது’ என்றும் கட்டுரை கூறியது. எந்த ஆய்வு என்று கூறவில்லை. நான் வாசித்த ஒன்று தென்கொரியாவில் நடந்து 2013இல் வெளியானது. 40 முதல் 59 வயது வரையான 28 பெண்களைச் சேர்த்து, மூன்று வாரத்தில் ஐந்து தடவை முகத்தில் ஊசி ஏற்றி அளந்து பார்த்தபோது, தோலின் நெகிழ்வில் ஓரளவு முன்னேற்றம் பதிவானது. ஆனால் ஊசி ஏற்றாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது ஒரு முன்னோடி ஆய்வு மாத்திரமே என்று அதைச் செய்தவர்களே தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். மூன்று வார அளவையை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுக்கு உத்தரவாதம் கொடுப்பது எங்கள் நகரத்து அழகு நிலையங்களின் சொந்தக் கண்டுபிடிப்பு.

என் பெறாமகளின் கதைக்கு வருகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் அவளுக்கு இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருந்தது. ஆவணியில் திருமணம். ‘பெரியம்மா, கிறீம் பூசிப் பட்டது போதும். இது வெறும் ஊசிதானே, நீங்க கூட வாங்க’ என்றாள். ஒரு தடவைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா. பத்துத் தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் ஐம்பதாயிரம். அவள் என்னிடம் சொல்வதற்கு முன்பே இருபதாயிரம் முற்பணம் கட்டியிருந்தாள்.

துணிக்கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த அறை. புல்லாங்குழல் இசை மெல்லக் கேட்டது. சுவரில் தங்கமுத்திரை பதித்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அருகே போய் வாசித்தேன். மூன்று நாள் பயிற்சிக்கான சான்றிதழ். ஊசி ஏற்றவிருந்த இளம்பெண் மரியாதையானவர். ‘அம்மா’ என்றே பேசினார். ஆனால் மங்கு எப்போது தொடங்கியது, வேறு மருந்து ஏதும் எடுக்கிறாளா, இரத்தம் நிற்கத் தாமதமாகுமா, தழும்பு தடிக்கும் உடம்பா என்று ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. மங்குக்கும் சுருக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக்கூட அவர் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. மங்கு என்பது வெயிலும் உடலின் சுரப்பு மாற்றங்களும் சேர்ந்து தோலில் நிறத்தைப் படியவைப்பது. கர்ப்பகாலத்தில் பலருக்கு வருவது. சூடு பட்டாலும் கூடக்கூடியது. அங்கு ஊசியால் குத்தினால் நிறம் இறங்குவதற்குப் பதிலாக ஏறவும் கூடும், ஏனெனில் எங்களைப் போன்ற மாநிறத் தோலில் சிறு காயமும் கறுத்துத்தான் ஆறுகிறது.

பின்னர் அவர் ஒரு கிண்ணத்தை எடுத்தார். ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சில் ஊசிகள் வரிசையாகக் குத்திவைக்கப்பட்டிருந்தன. உறை எங்கே என்று கேட்டேன். ‘ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வச்சிருக்கோம் அம்மா. இவங்களுக்கு இது, பத்துத் தடவைக்கும் இதேதான். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிற்ல ஊறப்போடுவோம்’ என்றார், பெருமையாகவே. கிண்ணத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் அதேபோல இன்னும் மூன்று கிண்ணங்கள் இருந்தன. அன்றுதான் முதல்முறையாகப் படுக்கும் ஒருத்திக்கு உரிய ஊசிகள் ஏற்கெனவே எப்படிப் பஞ்சில் ஏறின என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. உறை பிரிக்காத ஊசிகளைக் கொண்டுவரச் செய்தேன். அதற்கு மேலதிகமாக எண்ணூறு ரூபா.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். முற்பணம், திருமணம், அவளது முகம் என்று ஏதேதோ நினைத்து நான் இருந்துவிட்டேன். அது என் பிழை. புதிய ஊசிகளாக இருந்தும், இடது கண்ணின் கீழிமையருகே ஏற்றியதை உருவியபோது அவர் பஞ்சால் அழுத்திப் பிடிக்கவில்லை. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. அதன் கீழே நுண்ணிய இரத்தக்குழாய்கள் நெருங்கி ஓடுகின்றன. படியிறங்கும்போது ஒரு சிறு வீக்கம். பஸ் வீடு வந்து சேர்வதற்குள் கத்தரிப்பூ நிறம். பத்து நாளில் அது பச்சையாகி மஞ்சளாகி வடிந்தது, ஆனால் வடிந்த இடத்தில் ஒரு பழுப்புத் திட்டு தங்கிவிட்டது. திருமண அல்பத்தில் அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் ஒப்பனை இரண்டு பூச்சாகத் தெரியும். முற்பணத்தைத் திருப்பித்தர முடியாது என்றும், ‘நச்சு வெளியேறும்போது இப்படித்தான் தெரியும், தொடர்ந்து வந்தால் சரியாகும்’ என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். நீலம் பாய்வது நச்சு வெளியேறுவதால் அல்ல. இரத்தம் குழாயைவிட்டு வெளியேறுவதால். தேர்ந்த கைகளுக்கும் சில வேளை அது நேரும். தேர்ந்தவர் அதை முன்கூட்டியே சொல்லுவார். திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஊசியைத் தொடமாட்டார்.

ஸ்பிரிற் கிண்ணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியே ஆகவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கண்ணாடி ஊசிக்குழல்களையும் ஊசிகளையும் கொதிநீர்ப் பெட்டியிலிட்டு வேகவைத்து எடுப்போம்; முனை மழுங்கிய ஊசிகளைக் கல்லில் தீட்டிய மூத்த தாதியரை எனக்குத் தெரியும். வசதி இல்லாத காலத்தில் அது சுத்தம் என்றிருந்தோம். பிறகு அழுத்தநீராவிப் பெட்டியில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பதினைந்து நிமிடமாவது வைத்தால்தான் கிருமிநீக்கம் என்று கற்றோம். பிறகு ஒரேயொரு முறை பயன்படுத்தி வீசும் ஊசிகள் வந்தன. வீசுவதற்கும் குத்தாத தடித்த பெட்டி வந்தது. நாற்பது ஆண்டுகளில் வைத்தியசாலைகள் படிப்படியாகக் கடந்துவந்த பாதையை, துணிக்கடை மாடியில் ஒரு ஸ்பிரிற் கிண்ணம் பின்னோக்கி நடத்திக் காட்டியது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாட்களுக்குக் குறையாமல் தொற்றும் வலுவோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்துளி ஒன்று அதற்குப் போதும். அக்குபங்சர் ஊசிகள் வழியே அந்நோய் பரவிய சம்பவங்கள் அமெரிக்காவில் 1980களிலேயே பதிவாகியுள்ளன. அங்குள்ள நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமமின்றி நடந்த ஓர் அழகு நிலையத்தில் ஊசியாலும் இரத்தத்தாலும் செய்யும் வேறொரு முகச் சிகிச்சையைப் பெற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது பற்றி, அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது. அந்த இடத்தைத் தேடிச் சென்றவர்களும் இளமையைத்தான் தேடிச் சென்றார்கள்.

இனி ‘இயற்கை’ என்ற சொல். எங்கள் முகங்களில் சுருக்கத்தை வரைந்தது எது என்று யோசித்தால், அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வருகிறது, வரைந்தது இயற்கைதான். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை தூரத்தில்தான் இருக்கிறோம். குளிர்கிறதே, வெயில் எங்கே என்று கொழும்பிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். குளிர் என்பது காற்றின் சூட்டைப் பற்றியது, தோலை முதிரச் செய்யும் கதிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மெல்லிய முகிலும் மூடுபனியும் அந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. மாசி, பங்குனி மாதங்களில் முகிலற்ற நண்பகலில், உலக சுகாதார நிறுவனம் ‘அதிதீவிரம்’ என்று வகுத்த 11 என்ற புற ஊதாச் சுட்டெண்ணையும் அந்தக் கதிர் தாண்டும். 3ஐத் தொட்டாலே முகத்தை மறைக்கச் சொல்கிறது அதே நிறுவனம்.

இதைக் கொழுந்து மலையில் நிற்பவர்களின் முகத்தில் வாசிக்கலாம். என் தாயார் முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தார். காலையில் பேரட்டுக் களத்தில் பெயர் கொடுத்ததிலிருந்து மாலை நிறுவை முடியும்வரை, இடுப்பில் படங்கும் தலையில் கூடைக் கயிறுமாக, முகம் தேயிலைச் செடியின் மேல் கவிந்திருக்கும். பனிக்காலத்தில் புல்லில் வெண்பனி உறைந்திருக்கும் விடியலில் கன்னம் வெடிக்கும், பங்குனியில் அதே கன்னம் காயும். கயிறு அழுந்திய இடத்தில் தலையில் ஒரு பள்ளம் இருந்தது. அந்தக் கயிற்றுக்கு அடியில், நெற்றியின் மேல்விளிம்பில், விரலளவு அகலத்துக்குத் தோல் வழவழப்பாகவும் வெளுப்பாகவும், இருபது வயதுப் பெண்ணின் தோல்போல இருந்ததை அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று கவனித்தேன். கயிறு மறைத்த இடத்தில் வெயில் படவில்லை, அவ்வளவுதான். முதுமையால் வந்தது எவ்வளவு, வெயிலால் வந்தது எவ்வளவு என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடத்தை நான் தாதியர் கல்லூரியிலும் படிக்கவில்லை.

அதை ஆய்வாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற வெயில் நிறைந்த சிற்றூரில், 55 வயதுக்குக் குறைந்த 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினமும் காலையில் வெயில்காப்புக் களிம்பு பூசச் சொல்லி, மற்றவர்களை அவர்கள் விருப்பப்படி விட்டு, நாலரை ஆண்டு கழித்து அவர்களின் தோலைப் பரிசோதித்தார்கள். தினமும் பூசியவர்களின் தோல் முதிர்ச்சி மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013இல் வெளியான இந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு ஆள் இருந்தார்கள், காலம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது. பயன்பட்ட களிம்போ காப்பு எண் (SPF) 15 கொண்ட சாதாரணக் களிம்பு. முகத்தைப் பேண ஒருவரிடம் ஐம்பதாயிரம் ரூபா இருக்குமானால், அதில் சிறு பங்கை இதற்கும், இன்னொரு சிறு பங்கைத் தோல் வைத்தியரை ஒருமுறை காண்பதற்கும் செலவிட்டு, மீதியை வங்கியில் போடச் சொல்வேன்.

ஐம்பதாயிரம் என்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு என்பதையும் தங்கள் கொழும்பு வாசகர்கள் அறியவேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பத்துத் தடவை ஊசி என்பது முப்பத்தேழு நாள் கொழுந்து. தோட்டத்துப் பெண்களா இதற்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். அவர்களுடைய மகள்மார் போகிறார்கள்: ஆசிரியைகள், கடைகளில் நிற்பவர்கள், கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்ச் சம்பாதித்து வந்தவர்கள். தாயின் முகத்தைப் பார்த்து, தனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பயந்து போகிறார்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். எனக்கும் அது இருந்தது.

அவர்களுள் பலர் ‘இயற்கை’ என்ற சொல்லில் விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளையாக்கும் கிறீம்களால் ஏற்கெனவே கெட்டவர்கள் அவர்கள். ஊர் பேர் தெரியாத டப்பாக்களில், எழுத்து விளங்காத உறைகளில், சந்தைக் கடைகளிலும் முகநூலிலும் விற்கப்படும் அவற்றுள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, 1 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு) மேற்பட்ட பாதரசம் கொண்ட அழகுசாதனங்களைத் தடை செய்தது; பின்னர் 2023இல் கூடிய நாடுகள் அந்த அளவையும் நீக்கி, பாதரசம் அறவே கூடாது என்று தீர்மானித்தன. முதல் மாதம் முகம் வெளுக்கும். நிறுத்தியதும் முன்னைவிடக் கறுக்கும். நீண்டகாலம் பூசினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதில் சூடுபட்ட பெண்ணுக்கு மருந்தில்லாத ஊசி ஆறுதலாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. பாதரசக் கிறீமா, தேர்ந்தவர் கையால் சுத்தமான ஊசியா என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ஊசி என்பேன். எங்கள் நகரங்களில் இப்போது கிடைப்பது அந்த ஊசி அல்ல என்பதுதான் என் முறைப்பாடு.

ஆகவே, போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு தாதி சொல்லக்கூடியது இது. ஊசி ஏற்றுபவர் எந்த மருத்துவச் சபையில் எந்த இலக்கத்தில் பதிந்தவர் என்று கேளுங்கள். சான்றிதழின் முத்திரையைப் பார்க்காமல் அதில் எழுதிய பயிற்சிக் காலத்தைப் பாருங்கள். ஒவ்வோர் உறையும் உங்கள் கண்முன்னே கிழிக்கப்பட வேண்டும். உறையில் காலாவதித் திகதியும் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கான குறியும் இருக்க வேண்டும். உருவிய ஊசி தடித்த பெட்டிக்குள் விழ வேண்டும். ஏற்றிய ஊசிகளை எண்ணுங்கள், உருவியவற்றையும் எண்ணச் சொல்லுங்கள், ஏனெனில் கூந்தலுக்குள் ஒன்று மறந்துபோவதுண்டு. இரத்தத்தை இளக்கும் வாபரின், குளோபிடோகிறெல், அஸ்பிரின் எடுப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் படுக்கக் கூடாது. கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்கள், தழும்பு மேடுகட்டும் உடம்புக்காரர்கள், முகத்தில் சீழ்ப்பருவோ உதட்டில் அக்கியோ இருப்பவர்கள் தள்ளிப்போடுவது நல்லது. கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும். முகத்துக்கான சிகிச்சை என்றாலும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும் கணுக்காலின் உட்புறத்துக்கு மேலேயும் சேர்த்து ஏற்றும் புள்ளிகளைச் சீன வைத்தியமே கர்ப்பகாலத்தில் விலக்கியிருக்கிறது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும்.

அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதியச் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மருத்துவச் சாதனங்களைக் கண்காணிக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. ஹோட்டல் சமையலறைக்குள் நுழைந்து தேத்தண்ணீர்க் கோப்பையின் விளிம்பைத் தடவிப் பார்க்கும் எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தோலைத் துளைக்கும் ஒரு தொழில் நடக்கும் மாடிக்கும் படியேறிப் போய், ஊசிக்கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். முடி வெட்டுவதற்கும் முகம் கழுவுவதற்கும் பெற்ற வியாபார அனுமதிப்பத்திரம் ஊசி ஏற்றுவதற்கும் செல்லும் என்று எவரும் நினைக்கக் கூடாது. நினைக்கிறார்கள் என்பதை நான் நேரில் கண்டேன்.

தங்களிடம் எனக்குள்ள கேள்வி ஒன்றே. அந்த அரைப்பக்கம் பணம் பெற்று வெளியிட்ட விளம்பரமா, தங்கள் ஆசிரியபீடம் எழுதிய கட்டுரையா? விளம்பரமாயின் அதன் தலையில் அந்தச் சொல் இருந்திருக்க வேண்டும். கட்டுரையாயின் எழுதியவரின் பெயரும் தகுதியும் அடியில் இருந்திருக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் இருந்திருக்கக் கூடாது. மலையகத்தில் இன்றும் அச்சில் வந்தது என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. என் பெறாமகளும் தன் முற்பணத்தை இப்படிப்பட்ட ஒரு பத்திரிகைத் துணுக்கைக் கத்தரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்த்தான் கட்டினாள்.

அக்கட்டுரையை எழுதியவர் இதற்கு மறுப்பு எழுதுவாராயின், தன் பெயரையும், பதிவு இலக்கத்தையும், தாம் குறிப்பிட்ட ஆய்வுகள் எவை என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டு, அதனை மகளிர் பக்கத்தில் அதே அளவில் வெளியிடுமாறு தயவுடன் வேண்டுகிறேன். இக்கடிதத்தையும் அதே பக்கத்தில் இட முடியுமானால் நன்றியுடையேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
ஹட்டன்.